சட்டைப்பையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்



யு.பி.ஐ. பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பாராட்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் செல்லமாகச் சண்டை பிடித்திருக்கிறார். “அந்தரங்கம், அந்தரங்கம் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? எல்லாம் கணக்கில் வந்துவிட்டுப் போகட்டுமே!” என்று கேட்கிறார். நம்மில் பலர் மனத்தில் இருக்கும் கேள்விதான். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதையும் அவருக்கான பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் வசதிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சில்லறைக்குப் பதில் சாக்லேட்டை நீட்டிய மளிகைக் கடைக்காரரோடும், மீதியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கண்டக்டரோடும் மல்லுக்கட்டிய தலைமுறை நாம். இன்று அந்த வம்பே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர், சம்பளம் ஏறிய இரவே அம்மாவுக்குப் பணம் அனுப்பிவிடுகிறார். அதற்காக அரைநாள் லீவு போட்டு வங்கி வரிசையில் நிற்பதில்லை. 2016 ஏப்ரலில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்த யு.பி.ஐ., 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்துக்கு நம்மிடமும் கட்டணம் கிடையாது. 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடமும் கிடையாது. உலகமே திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு இது. குறை சொல்ல மனம் வராது.

கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் வேறொன்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்குகிறீர்கள். கூடையின் ஓரத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்து அதன் ஒரு மூலை உப்பியிருக்கிறது. போனைக் காட்டுகிறீர்கள். ஈரச் சாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ், ஐம்பது ரூபாய் வந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்க அறிவிக்கிறது. தாளாகக் கொடுத்திருந்தால் இந்த வியாபாரம் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். பூ வாடுவதற்குள் இருவருமே மறந்திருப்பீர்கள். இப்போது அது உங்கள் வங்கியிலும், அந்த அம்மாவின் வங்கியிலும், உங்கள் செயலியிலும், அவருக்கு அட்டை கொடுத்த நிறுவனத்திலும், நடுவில் நின்று எல்லாவற்றையும் இணைக்கும் என்.பி.சி.ஐ.யிலும் பதிவாகிவிட்டது. யார், யாருக்கு, எவ்வளவு, எந்த நொடியில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இருப்பிடம் பார்க்கச் செயலிக்கு அனுமதி கொடுத்திருந்தால், எந்த வாசலில் என்பதும் தெரியும்.

ஐம்பது ரூபாய்ப் பூவை யார் பார்த்தால் என்ன? ஒன்றுமில்லைதான். ஆனால் பதிவு ஒன்றோடு நிற்பதில்லை. வெள்ளிதோறும் எந்தக் கோயில், ஞாயிறுதோறும் எந்தத் தேவாலயம், மாதம் ஒருமுறை எந்த மருத்துவர், எந்தச் சங்கத்துக்குச் சந்தா, எந்தப் போராட்டத்துக்கு நூறு ரூபாய், எந்தப் பதிப்பகத்தில் என்ன புத்தகம் என்று எல்லாம் வரிசையாகச் சேர்கிறது. டைரி எழுதும் பழக்கமே இல்லாதவருக்கும் நாள் தவறாமல் ஒரு டைரி எழுதப்படுகிறது. அது அவர் கையில் இல்லை. இந்தியாவின் யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகத்தான் நடக்கின்றன. எந்தச் செயலிக்கும் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கக் கூடாது என்று என்.பி.சி.ஐ. 2020லேயே சொன்னது. அதற்கான கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2026 டிசம்பரில் வந்து நிற்கிறது.

இதில் என்ன ஆபத்து என்பதைக் கணினிக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 1971இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வல்லுநர்கள் சிலர் கூடியபோது அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் புதிர் தரப்பட்டது. சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் ஆலோசகர்களாக உங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், மக்களுக்கு உறுத்தாமல் நாட்டில் இருக்கும் எல்லோரையும் கண்காணிக்க ஓர் ஏற்பாடு வேண்டும், என்ன செய்வீர்கள்? அவர்கள் யோசித்து வந்தடைந்த விடை மின்னணுப் பணப் பரிமாற்றம். அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பின்னர் எழுதிய கணினி அறிஞர் பால் ஆர்மர், 1960களிலேயே இதை எச்சரித்தவர்.

சரி, மடியில் கனத்துக்கு வருவோம்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளைக் கணக்கெடுத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு வந்த நோட்டீஸில் இருந்த தொகை 29 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுகளில் அவர் கணக்கில் 1.63 கோடி வந்திருக்கிறது என்பதுதான் காரணம். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்பது வேறு விஷயம். வரவு எவ்வளவு என்று கணினிக்குத் தெரிந்தது. அது கத்தரிக்காய் விற்ற காசு என்று தெரியவில்லை. ஓரிரு நாளில் பெங்களூரின் டீக்கடை, பேக்கரி வாசல்களில் கியூஆர் அட்டைகள் காணாமல் போயின; ‘ரொக்கம் மட்டும்’ என்ற காகிதங்கள் தொங்கின. கடையடைப்பு அறிவிப்பு வரை போன பிறகு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் காய்கறிக்காரர் மடியில் என்ன கனம் இருந்தது?

இன்னொரு வகைத் தொல்லையும் இருக்கிறது. எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கை மாறி, சாப்பாட்டுக்குக் கொடுத்த காசாக ஓர் ஓட்டல்காரரின் கணக்குக்கு வருகிறது. பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும் சைபர் போலீஸ், தடத்தில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கச் சொல்கிறது. 2023இல் கேரளத்தில் இப்படிப் பலருடைய கணக்குகள் முடங்கின. சந்தேகம் முந்நூறு ரூபாயில். முடங்கியது மொத்தக் கணக்கும். சம்பளம் போட முடியாது, வாடகை கட்ட முடியாது. எவ்வளவு தொகை, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் வாழ்வாதார உரிமையையும் பறிப்பதாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. ஏமாந்தவருக்கு அவர் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு பொத்தானில் ஒரு மனிதரின் அத்தனை பணத்தையும் நிறுத்திவைக்க முடிகிறது என்றால், அந்தப் பொத்தான் எப்போதும் நல்லவர் கையில் மட்டும் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஜனநாயகத்துக்குப் பேர்போன கனடாவிலேயே 2022 பிப்ரவரியில், லாரி ஓட்டுநர் போராட்டத்தை அடக்க நெருக்கடிநிலைச் சட்டத்தைப் பயன்படுத்தி, நீதிமன்ற உத்தரவு இல்லாமலே இருநூறுக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கினார்கள். அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்ததே நியாயமில்லை என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

அரசையும் கம்பெனிகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வீட்டை மறந்துவிடுவோம். நம் அம்மாக்கள், பாட்டிகள் சேர்த்த சிறுவாட்டை நினைத்துப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில், அரிசி டின்னுக்குள், பீரோவில் பட்டுப்புடவை மடிப்பில் இருந்த அந்தப் பணம் எத்தனை பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணமாக, எத்தனை ராத்திரிகளின் ஆஸ்பத்திரிச் செலவாக ஆகியிருக்கிறது! குடிக்கும் கணவனிடமிருந்தும், கணக்குக் கேட்கும் மாமியாரிடமிருந்தும் ஒரு பெண்ணைக் காத்தது அந்தப் பணம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததுதான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும் அது வெளியே வந்தது. வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. கொடுத்த பணம் திரும்பி வராதவர்களும் உண்டு. இன்று பல வீடுகளில் ஸ்மார்ட்போன் கணவர் கையில். மனைவியின் கணக்கில் அரசு போடும் மகளிர் உரிமைத் தொகைக்கான குறுஞ்செய்தி போய் விழும் எண்ணும் சில வீடுகளில் அவருடையதே. அப்படிப்பட்ட வீட்டில் எல்லாப் பணமும் டிஜிட்டல் ஆகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கென்று ஒளித்துவைக்க ஓர் இடம் மிஞ்சுமா? அவர் மடியில் கனம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

நம் நீதிமன்றங்கள் இதில் மோசமில்லை. வங்கியிடம் கொடுத்துவிட்ட தகவலில் உனக்கு அந்தரங்கம் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அதை ஏற்க முடியாது, ஆவணம் வங்கியில் இருந்தாலும் அந்தரங்கம் வாடிக்கையாளருடையதே என்று நம் உச்ச நீதிமன்றம் 2004இல் கனரா வங்கி வழக்கில் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வந்த சட்டத்திலேயே, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தேர்தல் பத்திர வழக்கில் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடியதும் இதே அரசுதான். தேர்தல் பத்திரத் திட்டத்தையே 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கோடிகளை நன்கொடையாகக் கொடுப்பவருக்காக இவ்வளவு கவலைப்பட்டவர்கள், பூ வாங்குபவருக்காகவும் கொஞ்சம் கவலைப்படலாம்.

இனி வரப்போவதுதான் முக்கியம். 2022 டிசம்பர் 1 அன்று ரிசர்வ் வங்கி டிஜிட்டல் ரூபாயைப் பொதுமக்களுக்குச் சோதனை முறையில் விட்டது. யு.பி.ஐ.யில் நகர்வது வங்கியில் இருக்கும் உங்கள் இருப்பு. டிஜிட்டல் ரூபாய் அப்படியல்ல. நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கி நேரடியாக வெளியிடும் பணம் அது. தாளுக்குப் பதில் போனில் இருக்கும். சிறு தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு இருக்கும், பெருந்தொகைகளுக்குத் தடம் இருக்கும் என்று ரிசர்வ் வங்கி தன் கருத்துக் குறிப்பில் சொன்னது. நல்ல எண்ணம். அதைச் சட்டத்தில் எழுதிவைத்தால்தான் எண்ணம் உரிமையாகும்.

டிஜிட்டல் பணத்துக்கு நோட்டால் முடியாத ஒரு குணம் உண்டு. எதற்குச் செலவழிக்கலாம், எதுவரை செலவழிக்கலாம் என்று பணத்துக்குள்ளேயே நிபந்தனை எழுதிவிடலாம். 2020 அக்டோபரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் குலுக்கல் முறையில் 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டல் பணமாகக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் செலவழிக்காதவர்களிடமிருந்து பணம் தானாகத் திரும்பிப் போய்விட்டது. இங்கும் நிபந்தனை எழுதும் வசதியைச் சோதிக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. மானியம் உரியவரிடம் போய்ச் சேர இது உதவும் என்பதை மறுக்கவில்லை. உரத்துக்கென்று கொடுத்த பணம் உரத்துக்கே போகும். ஆனால் விவசாயி வீட்டில் அன்றைக்கு உரத்தைவிட அவசரமாகப் பிள்ளைக்கு மருந்து தேவைப்படலாம். எது அவசரம் என்று முடிவு செய்யும் உரிமையும் சேர்ந்ததுதான் பணம்.

வசதி வேண்டுமென்றால் அந்தரங்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பார்கள். அது கட்டாயமில்லை. அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சௌம் 1982லேயே வேறு வழி காட்டினார். உள்ளே கார்பன் தாள் வைத்த உறையை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கி மேலே கையெழுத்துப் போடுகிறது. உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்து பதிந்துவிடுகிறது. அந்தச் சீட்டின் எண்ணை வங்கி பார்க்கவே இல்லை. பிறகு அதே சீட்டைக் கடைக்காரர் கொண்டுவந்தால், கையெழுத்து தன்னுடையதுதான் என்று வங்கிக்குத் தெரியும். யாருக்குக் கொடுத்த சீட்டு என்று தெரியாது. கணித முறையில் இதைச் செய்துகாட்டிய சௌம், டிஜிகேஷ் என்ற நிறுவனத்தையே நடத்தினார். அது 1998இல் திவாலானது, கணிதம் திவாலாகவில்லை. டிஜிட்டல் யூரோவில் உங்களுக்கு எது முக்கியம் என்று ஐரோப்பிய மத்திய வங்கி கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 43 சதவீதம் பேர் முதலில் சொன்னது அந்தரங்கத்தை. நம்மிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. நாமே சொல்ல வேண்டியதுதான்.

வரி ஏய்ப்புக்கோ கறுப்புப் பணத்துக்கோ வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆசிரியர் ஐயா நினைத்துவிடக் கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017லிருந்தே சட்டம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் செல்லாது என்று அறிவித்த நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது என்பது ரிசர்வ் வங்கி கொடுத்த கணக்கு. கறுப்புப் பணம் கடுகு டப்பாவில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு வழிகள் திறந்திருக்கும்வரை டிஜிட்டல் பணம் வசதி. ஒரு வழி அடைபட்ட அன்றே அது கட்டாயம். இதை நமக்கு முன்னால் போனவர்கள் புரிந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். ரொக்கத்தையே மறந்துவிட்ட ஸ்வீடன், 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், குறைந்தது ஒரு வாரத்துக்கான ரொக்கத்தை வீட்டில் வைத்திருங்கள் என்று மக்களிடம் சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் நார்வேயில், கடைகளில் ரொக்கம் கொடுக்கும் உரிமையை வலுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று கரண்ட்டும் டவரும் போன சென்னையில், பால் பாக்கெட் வாங்க உதவியது கையில் இருந்த நோட்டுதான். 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் புயல் எதுவும் இல்லாத நாட்களிலேயே நாடு முழுக்க யு.பி.ஐ. படுத்துக்கொண்டது.

மக்களுக்கு இது தெரியாமலும் இல்லை. 2016 நவம்பரில் ஏறத்தாழ 18 லட்சம் கோடியாக இருந்த ரொக்கப் புழக்கம் இப்போது 35 லட்சம் கோடிக்கும் மேல். யு.பி.ஐ.யும் வளர்கிறது, ரொக்கமும் வளர்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொள்வதுதான் நம் ஜனங்களின் கெட்டிக்காரத்தனம்.

வாசகர்களுக்குச் சில யோசனைகள். யு.பி.ஐ.க்கென்று சிறு தொகையோடு தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கை அதில் இணைக்காதீர்கள். முகவரியில் போன் நம்பர் தெரியும்படி இருந்தால், நம்பர் இல்லாத யு.பி.ஐ. முகவரியை உருவாக்கிக்கொள்ளுங்கள், முன்பின் தெரியாதவரிடம் நம்பர் போவதைத் தவிர்க்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிக்கொடுங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்குச் செயலி கேட்கும் அனுமதிகளை ஒருமுறை திறந்து பாருங்கள்; தேவையில்லாததை மூடுங்கள். டீ, பஸ், பூ, காய்கறி போன்ற அன்றாடச் செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். பணம் மோசடியில் போனால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள். அம்மாவோ மனைவியோ மகளோ தனக்கென்று ஒளித்து வைத்திருக்கும் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள்.

‘ரொக்கம் வாங்குவதில்லை’ என்ற பலகையை அலுவலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ கடையிலோ கண்டால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதைப் பற்றி எங்களுக்கும் எழுதுங்கள். ஊர் வாரியாக வெளியிடுவோம். டிஜிட்டல் ரூபாயில் சிறு தொகைகளுக்கான அந்தரங்கத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எழுதிக் கேட்டால்தான் எதுவும் நடக்கும்.

நம் இதழின் சந்தாவை ஜிபே பண்ணலாம். அலுவலகத்துக்கு வந்து ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் என்றைக்கும் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்